நாய் கவ்விய விடைக்கோழியும் மகனின் விரல் கீறலும்

கால்நடை மருத்துவர் பதில்

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் எட்டு சிறுவிடைக் கோழிகள். அதில் பத்து வார வயதுள்ள பெட்டை ஒன்றைத் தெருநாய் கவ்விவிட்டது. பன்னிரண்டு வயது மகன் ஓடிப்போய் நாயின் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. வலது இறக்கை தொங்குகிறது. அன்றிரவே கணவர் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார். மறுநாள் வீட்டில் மீதமிருந்த டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துக் காயத்தில் கொட்டினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் காயத்தைச் சுற்றித் தோல் பச்சை நிறமாக இருக்கிறது. காயத்தின் ஓரத்தில் மஞ்சளாக ரப்பர் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அழுக ஆரம்பித்துவிட்டதா? ஆனால் தீனி தின்கிறது. பக்கத்து வீட்டில் டைக்ளோஃபெனாக் மாத்திரை பாதி கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்கிறார் மாமியார். பையன் அழுகிறான். கோழி இப்போது மற்றவற்றோடு பஞ்சாரத்தில்தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் இதையும் சேர்த்திருக்கிறார்: "மகன் விரலில் நாய்ப்பல் கீறி லேசாக ரத்தம் வந்தது. டெட்டால் போட்டோம், ஆறிவிட்டது."

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. கடிதம் கையில் கிடைத்த அன்றே இரண்டு விஷயங்களை உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம்: மகனை உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், கோழியைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொசுவலைக்குள் வையுங்கள். காரணங்களையும் மற்றதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் மகனின் விரல்

நாயின் பல் பட்டு ரத்தம் கசிந்தால், அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது ஆபத்து அதிகமான மூன்றாம் வகைக் கடி. அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வேண்டும், கீறல் இருந்த இடத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். காயம் ஆறிவிட்டது என்பதற்கும் ரேபிஸ் வராது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கிருமி நரம்பு வழியாகப் போகிறது. தோல் மூடிய பிறகும் அதன் பயணம் தொடரும். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய் வெகுநாளாகிவிட்டது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. 0 என்பது நாய் கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். எனவே நாலைந்து நாள் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இன்றைக்குத் தொடங்கினாலும் சரிதான். நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று கவனிப்பது நல்லது, ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அங்கேயே கேளுங்கள். இனி எப்போதாவது இப்படி நடந்தால், டெட்டாலைத் தேடுவதற்கு முன் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

அன்றைக்குக் கோழியின் காயத்தைத் தொட்டவர்களின் கையில் வெட்டோ புண்ணோ இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். கோழிக்கு அது வந்து உங்களுக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். கவலை, காயத்தில் ஈரமாக இருந்த நாயின் எச்சிலைப் பற்றித்தான்.

அந்தப் பச்சை நிறம்

இனி கோழிக்கு வருவோம். உங்களை அதிகம் பயமுறுத்தியது பச்சை நிறம். பெரும்பாலும் அது அழுகல் இல்லை, கன்றிப்போன ரத்தக்கட்டு. நமக்கு அடிபட்டால் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். ரத்தச் சிவப்பணு சிதையும்போது முதலில் பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி வரும். நம் உடலில் அதை மஞ்சளான பிலிரூபினாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. பறவைகளுக்கு அந்த நொதி இல்லையென்றே சொல்லலாம். அதனால் ரத்தக்கட்டு இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் நல்ல இலைப்பச்சையாகத் தெரியும். ஒரு வாரத்தில் மங்கிவிடும். கோழியின் பித்தம் பச்சையாக இருப்பதும், பட்டினி கிடக்கும் கோழி பச்சையாக எச்சமிடுவதும் இதனால்தான். இந்தப் பச்சையைப் பார்த்து அழுகிவிட்டது என்று அறுத்துவிடும் கோழிகள் நிறைய.

ஆனால் நாய்க்கடியில் நிஜமாகவே அழுகவும் செய்யும். நாயின் பல் கிழிப்பதோடு நிற்காமல் நசுக்கவும் செய்கிறது. நசுங்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் போய்விட்டதா என்பது அன்றைக்கே தெரியாது. மூன்றிலிருந்து ஐந்து நாளில்தான் தெரியவரும். பச்சையாக இருந்தாலும் தோல் மெத்தென்று, தொட்டால் சூடாக, நாற்றமில்லாமல் இருந்தால் உயிருள்ள தோல். கறுத்து, சில்லென்று, காய்ந்த செருப்புத்தோல் மாதிரி விறைத்திருந்தால் செத்த தோல். அது காய்ந்தே இருந்து நாற்றமும் இல்லையென்றால் பிய்க்க வேண்டாம். அடியில் புதுச்சதை வரும்வரை அதுவே கட்டுப்போட்ட மாதிரி மூடியிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தானாக உதிரும். ஓரம் தூக்கிக்கொண்டு, ஈரமாக, கெட்ட வாடை வந்தால்தான் மருத்துவர் வெட்டி எடுக்க வேண்டும். அழுத்தினால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்றுக்குமிழி உடைவது போலிருந்தால் இரண்டில் ஒன்று: நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்து காற்று கசிந்திருக்கலாம், அல்லது வாயு உண்டாக்கும் கிருமி பரவியிருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அந்த மஞ்சள் ரப்பரைப் பற்றி. கோழிக்குச் சீழ் நம்மைப் போல ஒழுகாது. பறவைகளின் வெள்ளையணுக்களில் சீழை நீர்க்க வைக்கும் நொதி இல்லாததால், அது பாலாடைக்கட்டி போல உறைந்து கெட்டியாகிவிடும். தானாக வடியவும் வடியாது, மருந்து அதற்குள் போகவும் போகாது. மேலே தோல் மூடினாலும் உள்ளே கட்டியாக நிற்கும். ஆகவே எடுத்தாக வேண்டும். உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல்: நீங்கள் பூசிய மஞ்சளும், எண்ணெயும், கேப்ஸ்யூல் பொடியும் சேர்ந்து இறுகினாலும் இதே போலத்தான் தெரியும். கழுவினால்தான் எது எது என்று புரியும்.

காயத்தில் போட்டவை, போடக் கூடாதவை

மஞ்சளும் எண்ணெயும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சளை எண்ணெயில் காய்ச்சி மாட்டுக் காயத்துக்குப் போடும் முறையைக் கால்நடைத் துறையினரே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மாட்டுக்கு இறகு கிடையாது. கோழியின் இறகில் எண்ணெய் ஏறினால் இறகு ஒட்டிப்போய், உடல் சூட்டைப் பிடித்து வைக்கும் வேலை கெடுகிறது. 41 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பம் வைத்திருக்க வேண்டிய 600 கிராம் உயிர் அது. அடிபட்ட அதிர்ச்சியில் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். மேலும் ஆழமான காயத்தில் எண்ணெய் போனால் அழுக்கையும் சேர்த்து உள்ளே பூட்டிவைக்கிறது.

கேப்ஸ்யூல் பொடியைக் காயத்தில் கொட்டுவது நம் ஊரில் பரவலான வழக்கம். பொடி ரத்தத்தோடு கட்டியாகி, புதுச்சதை வளரவேண்டிய இடத்தில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நாய் வாயிலுள்ள கிருமிகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து வேண்டும். எது, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதை எடை பார்த்து மருத்துவர் எழுதுவார். வழக்கமாக அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்தை முதலில் யோசிப்போம்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு புதுச்சதையையும் சேர்த்துப் பொசுக்கும். புழு வைத்த மாட்டுக்கு அந்துருண்டையைப் பொடித்துப் போடுவார்கள். கோழிக்கு அது விஷம். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பறவைகள் இரண்டையும் எளிதில் தாங்குவதில்லை.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாடுகளுக்குப் போட்ட இந்த மருந்து, செத்த மாடுகளின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து அந்த இனத்தையே ஏறக்குறையத் துடைத்ததால்தான் 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. கோழியின் சிறுநீரகமும் இதைத் தாங்காது. 50 மி.கி. மாத்திரையில் பாதி என்றால் 25 மி.கி.; உங்கள் கோழியின் எடைக்கு அது கொல்லும் அளவு. அதே வரிசையில் உள்ள கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023-ல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன. கோழியின் வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது: ஒரு கிலோ எடைக்கு 0.5 முதல் 1 மி.கி. உங்கள் 600 கிராம் கோழிக்கு ஒரு வேளைக்கு 0.3 முதல் 0.6 மி.கி.தான். மெடிக்கலில் கிடைக்கும் 7.5 மி.கி. மாத்திரை ஒன்று அதைப்போல 12 முதல் 25 மடங்கு. அதனால் மாத்திரையை நகத்தால் கிள்ளிக் கொடுக்கும் வேலையே வேண்டாம். மருத்துவர் சொட்டு மருந்தாக அளந்து தருவார். நீரிழப்பு இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அதையும் கொடுக்க வேண்டும்.

கழுவுவது எப்படி

கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி உப்பு. இதுதான் உப்புநீர். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 20 மி.லி. சிரிஞ்சில் 18 எண் ஊசியை மாட்டி, ஊசிமுனை சதையில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பீய்ச்ச வேண்டும். ஊற்றினால் அழுக்கு நகராது; அந்த அழுத்தம் வேண்டும். 200 முதல் 300 மி.லி. வரை செலவாகும். கடைசிச் சுற்றில் பெட்டாடைனை இளந்தேநீர் நிறம் வரும்வரை உப்புநீரில் கலந்து ஒருமுறை கழுவினால் போதும். அதை நீர்க்காமல் அப்படியே ஊற்ற வேண்டாம்.

பிடிப்பதில்தான் பலர் கோழியைக் கொல்கிறார்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. துண்டில் சுற்றி நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், காயம் கழுவி முடிப்பதற்குள் மூச்சு நின்றுபோகும். துண்டால் இறக்கைகளை மட்டும் உடலோடு அணைத்து, நெஞ்சுப் பக்கம் தளர்வாக விட்டு, தலையை உயர்த்தி, தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு பேர் வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கோழி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் அங்கேயே நிறுத்தி இருட்டில் ஓய்வு கொடுங்கள்.

பீய்ச்சுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கோழி மூச்சு விடும்போது காயத்தில் குமிழி வருகிறதா? வந்தால் பல் காற்றுப்பை வரை போயிருக்கிறது. அந்தக் காயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் பீய்ச்சக் கூடாது. நேரே நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இறக்கையின் தோளெலும்பும் உள்ளே காற்றோடு இணைந்த எலும்புதான், அது முறிந்து வெளியே தெரிந்தாலும் இதே எச்சரிக்கை. கழுத்தடியில் காயம் இருந்தால், தின்ற தீனியோ குடித்த நீரோ காயம் வழியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அதைத் தைத்தாக வேண்டும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காதீர்கள், தோல் இன்னும் கிழியும். கத்தரியால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். பத்து வாரக் கோழிக்கு இறகு முளைத்துக்கொண்டிருக்கும் பருவம். அடித்தண்டு நீலமாக, ரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டினால் நிற்காமல் கசியும். அப்படியாகிவிட்டால் சோளமாவு வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 600 கிராம் கோழியின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 45 மி.லி.தான், மூன்று மேசைக்கரண்டி அளவு. கசிவைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உறைந்த சீழை உப்புநீரில் ஊறவைத்து, நுனி மழுங்கிய இடுக்கியால் ஓரத்திலிருந்து தூக்குங்கள். வந்தால் சரி. ரத்தம் வந்தாலோ கோழி துடித்தாலோ விட்டுவிடுங்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். மூன்று நாளான நாய்க்கடியைத் தைக்கக் கூடாது. உள்ளே கிருமியை வைத்துத் தைத்தால் ஒரு வாரத்தில் மொத்தமாகப் பிரிந்துகொள்ளும். திறந்த காயமாகவே ஆறட்டும். கோழியின் முதுகுத்தோல் தளர்வானது. ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டே வந்து, உள்ளங்கை அகலக் காயமும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் மூடிவிடும். கழுவிய பிறகு சில்வர் சல்ஃபாடயசின் களிம்போ மருத்துவத் தரத் தேனோ மெல்லிய படலமாகத் தடவி, ஒட்டாத வலைத்துணியை வைத்து, அதன்மேல் ஒரு பழைய பருத்திச் சாக்ஸை சட்டையாக மாட்டலாம். நுனியை வெட்டிவிட்டு, கால்களுக்கும் இறக்கைகளுக்கும் ஓட்டை போட்டால் போதும். உடம்புக்கும் சாக்ஸுக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். முதல் ஐந்து நாள் தினமும் ஒருமுறை மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்தாறு நாளில் அடியில் செக்கச்செவேலென்று மணல் மணியாகப் புதுச்சதை தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது. அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள். இனி மெதுவாக ஊற்றினாலே போதும்.

ஈ

நம் ஊர் வெயிலில் கோழிக் காயத்துக்குக் கிருமியைவிட ஈதான் முதல் எதிரி. வெள்ளை ரவையைக் கொட்டிய மாதிரி இறகடியில் கொத்தாக ஒட்டியிருப்பது ஈயின் முட்டை. ஒரே நாளில் பொரித்துப் புழுவாகிக் காயத்துக்குள் நுழைந்துவிடும். காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள். அப்படியே வாலைத் தூக்கி எச்சத் துவாரத்தையும் பாருங்கள். அங்கே எச்சம் ஒட்டியிருந்தால் ஈ முதலில் அங்கேதான் உட்காரும். முட்டை தெரிந்தால் இறகோடு வெட்டி எடுங்கள். புழு தெரிந்தால் உப்புநீரில் கழுவி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே அதிகம் இருக்கும்.

இதற்காகத்தான் பஞ்சாரம் வேண்டாம் என்றேன். இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பாக எதைப் பார்த்தாலும் கோழி கொத்தும். கூடப்பிறந்த கோழியே ஆனாலும் ஒரு மதியத்தில் முதுகைக் குடைந்துவிடும். பெரிய அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், அதன்மேல் பழைய பருத்தித்துணி, மேலே கொசுவலை. உமியும் மரத்தூளும் காயத்தில் ஒட்டும், அதனால் வேண்டாம். காயம் மூடும்வரை மண்குளியலும் கூடாது. பெட்டியின் ஒரு மூலை 30 டிகிரி அளவுக்குக் கதகதப்பாக இருக்கட்டும், மறுமூலை சாதாரணமாக. எதில் உட்கார வேண்டும் என்று கோழியே தீர்மானிக்கும். எல்இடி பல்பு சூடு தராது. பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு இல்லையென்றால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். சித்திரை வைகாசி என்றால் இது எதுவும் தேவையில்லை, நிழலும் காற்றும் போதும்.

தீனியும் தண்ணீரும்

தின்கிறது, அதனால் பரவாயில்லை என்று நினைக்கிறீர்கள். கோழி தன் பலவீனத்தைக் கடைசிவரை மறைக்கும் பிராணி. கொத்துவது போல் பாவனை காட்டும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. மாலையில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். காலையில் காலியாகியிருக்க வேண்டும். சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். 60 கிராம் குறைந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு, அது ஆபத்து அறிகுறி. எச்சம் பச்சையாக, நீர்த்து இருந்தாலும் பெரும்பாலும் வயிறு காலி என்றே அர்த்தம்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் அதில் இறங்கிவிடும். தானாகக் குடித்தால் கட்டாயப்படுத்தவே வேண்டாம். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச்சொட்டாக விடுங்கள். அது விழுங்கியபின் அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு 6 முதல் 10 மி.லி., ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. முதல் நாள் ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் வீதம் கலந்த ஓஆர்எஸ், அதன்பிறகு வெறும் தண்ணீர்.

புதுச்சதை வளரப் புரதம் வேண்டும். வெறும் குருணையும் தவிடும் போதாது. இரண்டு மூன்று வாரத்துக்குக் குஞ்சுத்தீவனமே கொடுங்கள், அதில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். தண்ணீரில் பிசைந்து வைத்தால் நன்றாக எடுக்கும். அவித்த முட்டை கொஞ்சம், முருங்கைக்கீரை கொஞ்சம். பையனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமானால் கரையான் பிடித்துவரச் சொல்லுங்கள். எந்தக் கோழியும் கரையானை வேண்டாம் என்று சொன்னதில்லை. அதுவும் அவன் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு.

தொங்கும் இறக்கையை மருத்துவர் தொட்டுப் பார்த்தால் முறிவா, வீக்கத்தால் வரும் தொய்வா என்று சொல்வார். முறிவாக இருந்தாலும் பறவை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். இறக்கையை மடித்த நிலையில் எட்டு வடிவத்தில் சுற்றிக் கட்டுவது வழக்கம். முதுகுக் காயம் இருப்பதால் உங்கள் கோழிக்கு அதை நீங்களாகக் கட்ட வேண்டாம்.

அறுப்பதா, வளர்ப்பதா

மாமியார் சொல்வதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நூறு ரூபாய்க் கோழிக்கு அதைவிட அதிகமாக வைத்தியச் செலவா என்பது நியாயமான கேள்வி. ஆனால் குழம்பு வைப்பது என்ற வழி அடைபட்டுவிட்டது. நாய் கடித்து, கிருமி ஏறி, மருந்தும் போட்ட கோழி அது. இந்தியாவில் உணவுக்கான பிராணிக்கு மருந்து கொடுத்தால், மருந்தின் லேபிளில் வேறு கணக்கு இல்லாதபோது, முட்டைக்குக் குறைந்தது 7 நாளும் கறிக்கு 28 நாளும் விட வேண்டும் என்பது விதி. நீங்கள் காயத்தில் கொட்டிய டெட்ராசைக்ளினும் உடம்பில் ஏறியிருக்கும். கொலிஸ்டின் போன்ற சில மருந்துகள் உணவுக்கான பிராணிகளுக்கு முழுமையாகவே தடை. கடையில் சும்மா கேட்டு வாங்கும்போது அப்படியொன்று கைக்கு வந்துவிடலாம், அதனால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

ஆக, பிழைக்க வைப்பதா, துன்பமில்லாமல் முடிப்பதா என்ற இரண்டுதான் மீதம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது: தீனி கொத்துகிறது, மூன்று நாளைத் தாண்டிவிட்டது. வாய்ப்பில்லை என்று நான் சொல்லும் நிலைகள் வேறு. இரண்டு கால்களையும் இழுத்துக்கொண்டு, விரலைக் கிள்ளினாலும் உணராமல் கிடப்பது. குடல் வெளியே தெரிவது. ஓய்வாக இருக்கும்போதும் ஒரு நாளுக்கு மேல் வாயைத் திறந்தே மூச்சுவாங்குவது. காயத்தின் நாற்றம் கழுவக் கழுவக் கூடிக்கொண்டே போவது. அப்படியானால் மருத்துவரிடம் கொண்டுபோய்த் தூங்க வைப்பதுதான் பையனுக்கும் கோழிக்கும் நல்லது. அந்த உடலையும் சமைக்காமல், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலேயே இதைப் பார்ப்பார்கள். "கோழிக்கா வந்தீர்கள்" என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, காலை வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோங்கள். இதுவரை என்னென்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

காயம் மூடி இறகு முளைக்கத் தொடங்கிய பிறகு, நேராகக் கூட்டத்தில் விடாமல் மூன்று நாலு நாள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வைத்து மற்றவை பார்க்கும்படி விடுங்கள். பிறகு சாதுவான ஒரு கோழியை மட்டும் துணைக்கு விட்டு, சண்டை இல்லையென்றால் எல்லோரோடும். தழும்பு விழுந்த இடத்தில் இறகு வராமல் வழுக்கையாகவே இருக்கலாம். முட்டையிடுவதற்கு அதனால் ஒன்றுமில்லை. எட்டு வார வயதில் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இந்தக் கோழிக்குப் போட்டாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டுப்போயிருந்தால், நன்றாகத் தேறிய பிறகு போடுங்கள். காயத்தோடு இருக்கும்போது வேண்டாம். மற்ற ஏழுக்கும் விட்டுப்போயிருந்தால் அவற்றுக்கு இந்த வாரமே போடலாம்.